‘தையல்’ என்று பெயர் வைக்கலாமா?

கேள்வி:

எனக்கு 34 வயது. ஏழு மாதக் கர்ப்பிணி. கணவரின் தாய்மொழி ஜெர்மன். நாங்கள் வசிப்பதும் ஜெர்மனியில்தான். பிறக்கப்போவது பெண் என்று தெரிந்துவிட்டது.

என்னை வளர்த்தது என் அப்பத்தா. பெயர் தையல்நாயகி. போன வருடம் தவறிவிட்டார். அவரை எல்லாரும் ‘நாயகி’ என்றுதான் கூப்பிடுவார்கள். குழந்தைக்கு ‘தையல்’ என்று பெயர் வைக்க ஆசைப்படுகிறேன். அம்மாவிடம் சொன்னால், “கிழவி பேரு எதுக்குடி பச்சப்புள்ளைக்கு?” என்கிறார். சித்தப்பா, “தையல் சொல் கேளேல்னு ஔவையாரே சொல்லியிருக்காங்க, அந்தப் பேரையா வைக்கப்போற?” என்று சிரித்தார். தோழிகள் தையல் மெஷின் படத்தை அனுப்பிக் கலாய்க்கிறார்கள். நாத்தனார், “தாய்லாந்துக்கும் இதுக்கும் ஏதாவது சம்பந்தமா?” என்று கேட்டுவிட்டு, மாயா, லீனா, நீலா மாதிரி இரண்டு பக்கத்துக்கும் சுலபமான பெயராக வைக்கச் சொல்கிறார். ஆள் தேர்வு வேலையில் இருக்கும் ஒரு தோழி, வாயில் நுழையாத பெயர் இருந்தால் விண்ணப்பத்தை ஓரம் தள்ளிவிடுவார்கள் என்று பயமுறுத்துகிறாள்.

என் பெயர் ‘மொழி’ என்று முடியும். இங்கே அதை யாராலும் சொல்ல முடியவில்லை. ஒன்பது வருடமாக அலுவலகத்தில் நான் ‘மோ’. முதல் மாதம் திருத்திப் பார்த்தேன், அப்புறம் விட்டுவிட்டேன். மோ என்றால் திரும்பிப் பார்க்கிறேன், அவ்வளவுதான். என் மகளுக்கும் இது நடக்கக் கூடாது. என் ஆசைக்காக ஒரு சுமையை அவள் தலையில் ஏற்றுகிறேனா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். தையல் என்ற பெயரைப் பற்றி ஐந்து பேர் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். ஆனால் எனக்கு மனதில் தைத்தது கடைசியில் ‘மோ’ பற்றி எழுதிய நாலைந்து வரிகள்தான். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் ஐந்து பேருக்கும் பதில் தேடுவோம், ஏனென்றால் அவர்களில் சிலர் சொல்வதில் நியாயமும் இருக்கிறது.

அம்மாவிடமிருந்து தொடங்குகிறேன். ‘கிழவி பேரு’ என்கிறார். ஒரு பெயர் எப்போது பழையதாகத் தெரிகிறது என்று யோசித்துப் பாருங்கள். ஆதிரை என்ற பெயர் மணிமேகலையில் வருகிறது. அவ்வளவு பழைய பெயரை இன்று குழந்தைக்கு வைத்தால் ‘புதுசா இருக்கே’ என்கிறோம். தையல்நாயகி, அலமேலு, சொர்ணம் என்றால் பழசு என்கிறோம். காப்பிய காலத்துப் பெயர் புதிதாகவும் எழுபது வருடத்துப் பெயர் பழையதாகவும் தெரியக் காரணம், ஆதிரை என்ற பெயரில் பல் போன பாட்டி யாரையும் நாம் பார்த்ததில்லை. தையல்நாயகியைப் பார்த்திருக்கிறோம். பெயரின் வயதை நாம் கணக்கிடுவதே இல்லை, அந்தப் பெயரோடு நாம் பார்த்த முகங்களின் வயதைத்தான் கணக்கிடுகிறோம். உங்கள் மகளோடு படிக்கப்போகும் பிள்ளைகள் அந்த முகங்களைப் பார்த்தவர்கள் இல்லை.

இது நம் மொழிக்கு மட்டும் நடப்பதும் இல்லை. உங்கள் கணவரைக் கேளுங்கள். எம்மா, ஈடா, ஃப்ரீடா, எமில், ஆஸ்கர் எல்லாம் அவருடைய பெற்றோர் காலத்தில் கிழவர் கிழவி பெயர்கள்தான். அவரோடு பள்ளியில் படித்தவர்களில் ஃப்ரீடாக்கள் எத்தனை பேர் இருந்தார்கள், இன்று மழலையர் பள்ளியில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டால் அவருக்கே புரியும். பெற்றோர் தலைமுறைப் பெயர் சலிப்பாகத் தெரியும், பாட்டி தலைமுறைப் பெயர் கொஞ்சம் கூச்சமாக இருக்கும், அதற்கும் முந்தைய தலைமுறைப் பெயர் மெல்ல மெல்ல இனிக்கத் தொடங்கும். பெயர்களுக்கு இப்படி ஒரு சுற்று இருப்பதைப் பல நாடுகளின் பிறப்புப் பதிவுகளில் பார்க்கலாம். அப்பத்தா பெயரை நீங்கள் இந்தச் சுற்றில் கொஞ்சம் முன்கூட்டியே எடுக்கிறீர்கள், அவ்வளவுதான்.

ஆனால் அம்மா விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. இதைத் தயங்கித்தான் எழுதுகிறேன். உங்களுக்கு அவர் அப்பத்தா. உங்கள் அம்மாவுக்கு மாமியார். ‘என்னை வளர்த்தது அப்பத்தா’ என்று நீங்கள் எழுதுகிறீர்கள். அந்த வருடங்களில் அம்மா எங்கே இருந்தார், ஏன் அப்பத்தா வளர்க்க நேர்ந்தது, அதில் அம்மாவுக்கு என்ன வலி இருந்தது என்பதெல்லாம் கடிதத்தில் இல்லை. ஒருவேளை மிக இயல்பான காரணமாகவே இருக்கலாம். ஆனாலும் யோசியுங்கள். பேத்தியைக் கொஞ்சும்போதும் கண்டிக்கும்போதும் அவர் கூப்பிட வேண்டியது மாமியாரின் பெயரை. மகள் முதல் குழந்தைக்குப் பெயர் தேடும்போது தன்னை விட்டு மாமியாரிடம் போயிருக்கிறாள் என்று அவருக்குத் தோன்றினால், அதை ‘மனசு கஷ்டமா இருக்கு’ என்று சொல்ல அவருக்கு வராது. ‘கிழவி பேரு’ என்றுதான் வரும். எனவே அவரிடம் பெயரின் பெருமையைப் பற்றி வாதம் செய்ய வேண்டாம். “அம்மா, இந்தப் பேர் வச்சா உனக்குச் சங்கடமா இருக்குமா?” என்று மட்டும் கேளுங்கள். கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். பல குடும்பங்களில் பெயர்ச் சண்டை என்று என்னிடம் வந்தது, பேசிப் பார்த்தால் வேறு சண்டையாக இருந்திருக்கிறது.

இதில் உங்களுக்கு உதவக்கூடிய ஒரு விஷயம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. அப்பத்தாவை எல்லாரும் நாயகி என்றே கூப்பிட்டார்கள். ‘தையல்’ யாரும் கூப்பிடாத பாதி. அந்தப் பாதியைச் சொன்னால் உங்கள் அம்மாவுக்கு மாமியாரின் முகம் உடனே நினைவுக்கு வராமல் இருக்கலாம். குழந்தைக்கும் அது நல்லது. இறந்தவரின் பெயரை அப்படியே சுமக்கும் பிள்ளைகள் சில நேரம் அவராகவே இருக்கும்படி எதிர்பார்க்கப்படுகிறார்கள்: ‘அப்பத்தா மாதிரியே அழுத்தக்காரி’, ‘அப்பத்தா கை மணம் வரலையே’ என்று. அப்பத்தா போய் ஒரு வருடம்தான் ஆகிறது. உங்கள் துக்கம் இன்னும் ஆறியிருக்காது. குழந்தைக்கு அவர் கதையைச் சொல்லுங்கள், நிறையச் சொல்லுங்கள், ஆனால் ஒப்பிடாதீர்கள். முழுப் பெயரை வைக்காமல் பாதியை எடுத்திருக்கிறீர்கள் என்பதால், இதை நீங்களே உள்ளுக்குள் உணர்ந்திருக்கிறீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

சித்தப்பா சொன்ன வரி ஆத்திசூடியில் இருப்பதுதான், மறுப்பதற்கில்லை. பெண் பேச்சைக் கேட்டு நடக்காதே என்றுதான் அதற்கு உரை சொல்லி வந்திருக்கிறார்கள். ஆனால் அந்தச் சொல்லின் கதை அங்கே முடியவில்லை. பாரதியார் புதிய ஆத்திசூடி எழுதியபோது அதே சொல்லை எடுத்து, ‘தையலை உயர்வு செய்’ என்று எழுதினார். அதற்கு அடுத்த வரி என்ன தெரியுமா? ‘தொன்மைக்கு அஞ்சேல்’. உங்கள் சித்தப்பாவுக்கும் அம்மாவுக்கும் அடுத்தடுத்த வரிகளில் பதில் இருக்கிறது. உங்கள் மகள் தமிழ் படிக்கும் அளவுக்கு வளர்ந்தால் இரண்டு ஆத்திசூடிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். தன் பெயர் ஒரு மொழிக்குள் இப்படிப் புரண்டு எழுந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பு எத்தனை குழந்தைகளுக்குக் கிடைக்கும்?

தோழிகள் அனுப்பிய தையல் மெஷின் படம் என்னைக் கொஞ்சம் வருத்தியது. தமிழில் பெயர்கள் பெரும்பாலும் புழக்கத்தில் உள்ள சொற்கள்தான். மலர், மணி, கனி என்றால் நமக்குச் சிரிப்பு வருவதில்லை. தையல் என்றால் மட்டும் வருகிறது, ஏனென்றால் பெண் என்ற பொருள் பேச்சிலிருந்து மறைந்து, தைப்பது என்ற பொருள் மட்டும் தங்கிவிட்டது. சரி, தைப்பது என்றே வைத்துக்கொள்வோம். அதில் என்ன குறை? ‘டெய்லர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் பொருளும் தையல்காரர்தான். அது குடும்பப் பெயராக இருந்து இன்று பெண்களுக்கு வைக்கும் பெயராகவே ஆகிவிட்டது. உங்கள் கணவர் நாட்டில் மிகப் பரவலான குடும்பப் பெயர்களில் ஒன்றான ‘ஷ்னைடர்’ என்பதற்கும் அதே பொருள்தான். அவர்களுக்கு இல்லாத கூச்சம் நமக்கு எதற்கு? கேலி செய்கிறவர்கள் எல்லாரும் தமிழ் தெரிந்தவர்கள் என்பதையும் பாருங்கள். உங்கள் மகள் பள்ளிக்குப் போகும் இடத்தில் அந்தப் பெயருக்குத் தையல் மெஷின் என்ற நினைப்பே யாருக்கும் வராது.

இனி நாத்தனார். அவருடைய கவலையை நான் மற்றவர்களுடையதைவிடக் கனமாக எடுத்துக்கொள்கிறேன். பெயரை உச்சரிப்பது சுலபமா கடினமா என்பதற்கு விளைவு உண்டு. லாஹாம், கோவால், ஆல்ட்டர் என்ற மூன்று உளவியலாளர்கள் 2012-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. எளிதாக உச்சரிக்க வரும் பெயர் உள்ளவர்களைப் பற்றி மக்களுக்கு நல்லெண்ணம் சற்று எளிதாக உண்டாகிறது என்று அவர்கள் கண்டார்கள். அதில் உங்களுக்கு வேண்டிய பகுதி வேறு. பெயர் நீளமா குட்டையா, அரிதானதா பரவலானதா, அந்நிய மொழியா சொந்த மொழியா என்பதையெல்லாம் தனியாகப் பிரித்துப் பார்த்த பிறகும், உச்சரிப்பின் எளிமைதான் வேலை செய்தது. அதாவது யாரும் கேள்விப்படாத பெயராக இருப்பது தடை இல்லை. நாக்கு எங்கே போக வேண்டும் என்று தெரியாமல் தடுமாறுவதுதான் தடை.

அப்படிப் பார்த்தால் உங்கள் பெயரும் மகளுக்கு நீங்கள் நினைத்திருக்கும் பெயரும் ஒரே வகை இல்லை. உங்கள் பெயரில் ழகரம் இருக்கிறது. அதை நாம் இசட், எச் என்ற இரண்டு எழுத்துகளால் எழுதுகிறோம். அந்த இரண்டையும் பார்த்து ழகரத்தை ஊகிக்க உலகத்தில் யாராலும் முடியாது, முன்பே சொல்லிக் கொடுத்தால் தவிர. ஜெர்மன் பேசுகிறவர் இசட் எழுத்தை ‘ட்ஸ்’ என்று படிப்பார். உங்கள் பெயர் அவர் வாயில் ‘மோட்சி’ என்று உடைந்து, அவரே பயந்து ‘மோ’வில் நின்றிருப்பார். தையலில் அப்படிப்பட்ட ஒலி எதுவும் இல்லை. ஐ, ய, ல மூன்றும் ஜெர்மனில் உண்டு. முதல் எழுத்து மட்டும் நம் தகரமாக வராது, டகரத்துக்குப் பக்கத்தில் வரும். ‘டையல்’ என்று கேட்கும். உங்களுக்கு அது பொறுக்குமா என்று நீங்கள்தான் கேட்டுப் பார்க்க வேண்டும். என் கருத்தைச் சொல்கிறேன்: தையல் டையல் ஆவது வேற்று மொழிக்காரரின் நாக்கு. மொழி ‘மோ’ ஆவது அப்படி இல்லை. முதலாவதில் ஒருவர் உங்கள் பெயரைத் தன் வாயால் முடிந்த அளவு சொல்கிறார். இரண்டாவதில் அவர் முயல்வதை நிறுத்திவிட்டு வேறு பெயர் வைத்துவிடுகிறார். குழந்தைகளும் இந்த வித்தியாசத்தை உணர்வார்கள் என்றுதான் நினைக்கிறேன். பாட்டியின் நாக்கில் தன் பெயர் ஒரு மாதிரியும் ஆசிரியரின் நாக்கில் வேறு மாதிரியும் ஒலிப்பது இருமொழிக் குழந்தைக்கு ஒரு பொருட்டே இல்லை.

எழுத்துக்கூட்டலை இப்போதே முடிவு செய்துவிடுங்கள். டி, எச், ஏ, ஐ, ஒய், ஏ, எல் என்று எழுதினால் முதல் நான்கு எழுத்தும் ‘தாய்லாந்து’ மாதிரி இருக்கிறது என்றுதான் நாத்தனார் கேட்டார். நான் அதைக் குறையாக நினைக்கவில்லை. அந்த நான்கு எழுத்தை எப்படிப் படிப்பது என்று ஆங்கிலம் பேசுகிறவருக்கும் ஜெர்மன் பேசுகிறவருக்கும் ஏற்கெனவே தெரியும். இருவருமே ‘டை’ என்றுதான் படிப்பார்கள். எச் எழுத்தை எடுத்துவிட்டால் ஜெர்மனில் ஐகாரம் தங்கும், ஆனால் ஆங்கிலத்தில் ‘டேயல்’ என்று இழுபடக்கூடும். யகரத்துக்கு ஜெர்மன் முறைப்படி ஜே போடலாமா என்று உங்கள் கணவர் கேட்கலாம், அவர்கள் ‘மாயா’வை அப்படித்தான் எழுதுகிறார்கள். அங்கே மட்டுமே வாழ்வாள் என்றால் சரி. எல்லை தாண்டியதும் ‘தைஜல்’ ஆகிவிடும். எல்லா மொழிக்கும் பொருந்தும் எழுத்துக்கூட்டல் என்று ஒன்று கிடையாது. பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகளில் ஏ முதல் இசட் வரையுள்ள 26 எழுத்துகளுக்குத்தான் இடம். ஜெர்மனின் புள்ளி வைத்த உயிரெழுத்துகளே அங்கே உருமாறித்தான் நுழைகின்றன. ஆகவே எச் உள்ள வடிவம் என் தேர்வு.

எழுதிப் பார்ப்பதற்கு முன் சொல்லிப் பாருங்கள். கணவர் வீட்டில் இதுவரை இந்தப் பெயரைக் கேட்காத மூன்று பேரிடம், எழுத்தைக் காட்டாமல், தொலைபேசியில் ஒரே ஒரு முறை சொல்லுங்கள். மறுநாள் அவர்கள் எப்படி நினைவு வைத்துச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். கொச்சைப் பேச்சில் வேறு பொருள் எதுவும் வருகிறதா என்று கணவர் தன் நண்பர்களிடம் விசாரிக்கட்டும். மூன்றில் இரண்டு பேர் தடுமாறினால் நான் என் யோசனையை மாற்றிக்கொள்வேன், நீங்களும் மாற்றிக்கொள்ளத் தயாராக இருங்கள்.

நாத்தனார் சொன்ன மாயா, லீனா, நீலா எல்லாம் நல்ல பெயர்கள். இரண்டு மொழியிலும் கால் ஊன்றும் பெயரைத் தேடுவது கோழைத்தனம் என்று சிலர் பேசுவார்கள். நான் அப்படி நினைப்பவள் இல்லை. இரண்டு பாட்டிகளும் தடங்கலில்லாமல் கூப்பிட முடிவது ஒரு குழந்தைக்குப் பெரிய வரம். ஆனால் அந்த மூன்று பெயர்களைப் பற்றி உங்கள் கடிதத்தில் ‘சுலபம்’ என்பதைத் தவிர ஒரு சொல்லும் இல்லை. சுலபம் என்பதற்காக மட்டும் வைத்த பெயரோடு வளர்ந்த ஒருவர் என்னிடம் ஆலோசனைக்கு வந்தார். “ஏன் இந்தப் பெயர் வச்சீங்கன்னு கேட்டா, யாருக்கும் கஷ்டம் இருக்கக் கூடாதுன்னு வச்சோம்னு சொல்றாங்க. எனக்காக வைக்கலையா?” என்று கேட்டார். நாற்பது வயதில் கேட்டார்.

அப்புறம் பாதுகாப்பான பெயர் என்று நாம் நினைப்பது இருபது வருடம் கழித்தும் பாதுகாப்பாக இருக்கும் என்று உறுதி இல்லை. ‘கெவின்’ என்ற பெயரின் கதையை உங்கள் கணவர் அறிவார். 1990-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஆசை ஆசையாக வைத்த பெயர் அது. 2009-ல் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களிடம் நடத்திய ஓர் ஆய்வில், அந்தப் பெயரைக் கேட்டாலே ‘அடங்காத பையன்’ என்ற எண்ணம் பல ஆசிரியர்களுக்கு வருவது தெரியவந்தது. உச்சரிக்க இரண்டு நொடிகூட ஆகாத பெயர், ஊரெல்லாம் வைத்த பெயர். அந்தப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்?

வேலைக்கு ஆள் எடுக்கும் தோழி சொல்வது பொய் இல்லை. அதை உங்களிடம் மறைக்க எனக்கு மனமில்லை. கான்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்தின் காஸ், மாங்கர் என்ற இருவர் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களுக்கான பயிற்சிப் பணிகளுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை ஜெர்மன் பெயரிலும் துருக்கியப் பெயரிலும் அனுப்பினார்கள். ஜெர்மன் பெயருக்குப் பதில் அழைப்பு வரும் வாய்ப்பு சுமார் 14 சதவீதம் கூடுதலாக இருந்தது. சிறிய நிறுவனங்களில் 24 சதவீதம். இது அநியாயம். ஆனால் ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது: முன்பு வேலை பார்த்த இடத்திலிருந்து நல்ல பரிந்துரைக் கடிதம் சேர்ந்திருந்த விண்ணப்பங்களில் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. ஆளைப் பற்றி ஒன்றும் தெரியாதபோதுதான் பெயர் இவ்வளவு பேசுகிறது. மேலும் அங்கே முதற்பெயரும் குடும்பப் பெயரும் சேர்ந்தே வேற்று மொழியாக இருந்தன. உங்கள் மகளுக்குத் தந்தை வழிக் குடும்பப் பெயர் வருமானால் நிலைமை அதுவே இல்லை. ஆனாலும் என்றோ ஒரு நாள் ஒரு முட்டாள்தனமான மேலாளர் அவள் விண்ணப்பத்தைத் தாண்டிப் போகக்கூடும் என்பதற்காக, அதற்கு முந்தைய இருபத்தைந்து வருடமும் அவளை வேறு பெயரில் கூப்பிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. இது என் தராசு. உங்கள் தராசு வேறாக இருந்தால் அதையும் மதிப்பேன்.

சட்டப் பக்கம் பயப்பட அதிகம் இல்லை. ஜெர்மனியில் அனுமதிக்கப்பட்ட பெயர்களின் பட்டியல் என்று அரசிடம் ஒன்றும் இல்லை. குழந்தையின் நலனைக் கெடுக்குமா என்றுதான் பதிவு அலுவலர் பார்ப்பார். பெயரைக் கேட்டதும் ஆணா பெண்ணா என்று தெரிய வேண்டும் என்று முன்பு வற்புறுத்துவார்கள். ஒரு பெண் குழந்தைக்கு ‘கிரண்’ என்ற நம் நாட்டுப் பெயரை வைக்க மறுத்த வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போய், 2008 டிசம்பரில் பெற்றோர் பக்கம் தீர்ப்பானது. ஆகவே ‘தையல்’ பெண்ணா ஆணா என்று யாராவது கேட்டால் கலங்க வேண்டாம். அலுவலர் தயங்கினால், வீஸ்பாடனில் உள்ள ஜெர்மன் மொழிக் கழகம் பெயர்களுக்கு மதிப்பீட்டுக் கடிதம் தருகிறது. பிரசவத்துக்கு முன்பே ஒரு வார்த்தை கேட்டு வைத்துவிடுங்கள். பிறப்பை ஒரு வாரத்துக்குள் அறிவிக்க வேண்டும், பெயரைச் சொல்ல ஒரு மாதம் வரை நேரம் உண்டு. அந்த ஒரு மாதத்தைப் பயன்படுத்துங்கள். குழந்தையின் முகத்தைப் பார்த்தபடி பத்து நாள் அந்தப் பெயரில் கூப்பிட்டால், அது பொருந்துகிறதா என்று உங்கள் வாயே சொல்லிவிடும். திரும்பத் திரும்பப் பழகும் எதன் மீதும் நமக்குப் பிடிப்பு வளரும் என்று சாயான்ஸ் என்ற உளவியலாளர் 1968-லேயே காட்டியிருக்கிறார். ‘என்ன பேரு இது’ என்று முகம் சுளித்த தாத்தா பாட்டிகள், ஒரு மாதத்தில் வேறு பெயரை நினைத்துக்கூடப் பார்க்க முடியாமல் போவதை நான் பலமுறை பார்த்துவிட்டேன்.

இரண்டாவது பெயர் ஒன்று சேர்த்துப் பதிவு செய்யுங்கள் என்பது என் அழுத்தமான ஆலோசனை. அங்கே ஒருவர் முதற்பெயரைப் பின்னாளில் மாற்ற வேண்டுமானால் வலுவான காரணம் காட்ட வேண்டும், சுலபத்தில் நடக்காது. ஆனால் 2018 நவம்பர் முதல், பதிவில் இருக்கும் முதற்பெயர்களின் வரிசையை மட்டும் ஓர் அறிவிப்பின் மூலம் மாற்றிக்கொள்ளலாம். நடுவில் இணைப்புக்கோடு போட்டுவிட்டால் அது ஒரே பெயராகிவிடும், போடாதீர்கள். உங்கள் மகள் வளர்ந்த பிறகு, எனக்கு இந்தப் பெயர் முன்னால் வேண்டாம் என்று நினைத்தால் அவளுக்கு ஒரு கதவு திறந்திருக்கும். சுமை ஏற்றுகிறேனா என்று கேட்டீர்களே, இறக்கி வைக்க இடமும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் அந்தக் கேள்வியின் கனம் பாதி குறையும். சிலர் அப்பத்தா பெயரை இரண்டாவதாக ஒளித்து வைக்கச் சொல்வார்கள். உங்கள் விஷயத்தில் நான் அதை விரும்பவில்லை. யாரும் கூப்பிடாத பாதிதானே அது? மறுபடியும் யாரும் கூப்பிடாத இடத்தில் அதைக் கொண்டுபோய் வைப்பானேன்?

அந்த இரண்டாவது பெயர் என்ன என்று யோசித்தபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். உங்கள் கடிதத்தில் அம்மா பேசுகிறார், சித்தப்பா பேசுகிறார், நாத்தனார் பேசுகிறார், தோழிகள் பேசுகிறார்கள். குழந்தையின் தகப்பன் ஒரு வார்த்தை பேசவில்லை. ‘உன் இஷ்டம்’ என்று சொல்லிவிட்டாரா, அல்லது நீங்கள் முழுதாக அவரிடம் கேட்கவே இல்லையா? ‘உன் இஷ்டம்’ என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பள்ளியில், மருத்துவரிடம், தன் அலுவலகத்தில் அந்தப் பெயரைத் தயங்காமல் சொல்லி, ‘என்ன பொருள்?’ என்று கேட்டால் முகம் மலர்ந்து விளக்க வேண்டியவர் அவரும்தான். அவருக்கு அப்பத்தாவின் கதை தெரியுமா? அவருடைய பாட்டியின் பெயர் என்ன? அவரை வளர்த்தது யார்? இன்று இரவே கேளுங்கள். ஒரு ஃப்ரீடாவோ ஈடாவோ அங்கேயும் காத்திருக்கலாம். அவருக்குத் தையல் பிடிக்கவே இல்லை என்று தெரிந்தால், இதுவரை நான் எழுதியதையெல்லாம் ஒதுக்கிவிட்டு இருவரும் சேர்ந்து புதிதாகத் தேடுங்கள்.

கடைசியாக ‘மோ’.

நீங்கள் முதல் மாதம் திருத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டதை நான் குறை சொல்ல மாட்டேன். புது நாடு, புது வேலை, தினமும் பத்து பேரிடம் பாடம் நடத்தினால் களைத்துத்தான் போகும். பெயரைச் சிதைப்பதும் மாற்றிக் கூப்பிடுவதும் மாணவர்களிடம் எவ்வளவு வெட்கத்தை விதைக்கிறது என்று கோலி, சொலொர்சானோ என்ற இரு ஆய்வாளர்கள் 2012-ல் விரிவாக எழுதியிருக்கிறார்கள். அந்த வெட்கம் உங்களுக்கு மட்டும் வந்தது இல்லை. ஆனால் உங்கள் மகள் தன் பெயரை எப்படிக் காப்பாற்றுவது என்று யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்வாள்? என்னதான் அருமையான பெயராக இருந்தாலும், அம்மாவின் அலுவலகத்துக்கு வரும் ஒரு நாளில் எல்லாரும் அம்மாவை ‘மோ’ என்று கூப்பிட, அம்மா சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பதைக் கண்டால், பெயர் என்பது அடுத்தவர் வசதிக்கு வெட்டிக்கொள்ளக்கூடியது என்று அவள் புரிந்துகொள்வாள்.

அதனால் பிரசவ விடுப்பில் போவதற்குள் உங்கள் பெயரில் தொடங்குங்கள். ழகரத்துக்கு ஒரு வழி இருக்கிறது. அமெரிக்கர்கள் உச்சரிக்கும் ரகரம் நம் ழகரத்துக்கு வெகு பக்கத்தில் வரும். ‘மொரி’ என்று அமெரிக்க ரகரம் போட்டுச் சொல்லுங்கள் என்றால் உங்களோடு வேலை பார்க்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே நாளில் பிடித்துக்கொள்வார்கள். ஆங்கிலம் அவர்கள் காதில் ஏற்கெனவே இருக்கிறது. இசட், எச் என்ற எழுத்துகளைக் காட்டவே காட்டாதீர்கள், அதைப் பார்த்தால் மறுபடி குழம்புவார்கள். உங்களுக்கு மிகவும் நெருக்கமான ஒருவரிடம் முதலில் சொல்லிப் பழக்குங்கள். பிறகு எல்லாரிடமும்: “ஒன்பது வருஷமா மோன்னு கூப்பிடுறீங்க. என் முழுப் பேரைச் சொன்னா எனக்குச் சந்தோஷமா இருக்கும். இப்படித்தான் சொல்லணும்.” மன்னிப்புக் கேட்காதீர்கள், ‘கஷ்டமான பேருதான்’ என்று சேர்க்காதீர்கள், சிரித்து மழுப்பாதீர்கள். தவறாகச் சொன்னால் இன்னொரு முறை சொல்லிக் கொடுங்கள். யாராவது ஒருவர் பழக்கதோஷத்தில் ‘மோ’ என்றே தொடர்வார், பரவாயில்லை.

அந்த வாக்கியத்தை முதலில் வீட்டில் கணவரிடம் ஜெர்மனில் சொல்லிப் பாருங்கள். குரல் எந்த இடத்தில் இறங்குகிறது என்று அவரையே கேட்கச் சொல்லுங்கள். அதே குரலில்தான் நீங்கள் மழலையர் பள்ளி வாசலில் நின்று, ‘இவள் பெயர் தையல்’ என்று சொல்லப்போகிறீர்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்